இலையை ஒலிபெருக்கியாக்கும் பூச்சி

மழை ஓய்ந்த இரவில் மதுரைப் பக்கத்து வயல் வரப்பில் நடந்திருக்கிறீர்களா? 'கிர்ர்ர்' என்ற ஓசை காதைத் துளைக்கும். விளக்கோடு நெருங்கினால் சட்டென்று நின்றுவிடும். சுவர்க்கோழி என்கிறோம், அது கோழியும் அல்ல, கத்துவது வாயாலும் அல்ல! ஆண் பூச்சி ஒரு முன்னிறக்கையிலுள்ள அரம் போன்ற நரம்பை மற்றொன்றின் விளிம்பால் உரசுகிறது. சீப்பின் பற்களில் நகத்தை ஓட்டிப் பாருங்கள், புரியும். கேட்கும் பெண்ணுக்குக் காது முன்னங்கால்களில்!

இதில் ஓர் இயற்பியல் சிக்கல் உண்டு. தென்னிந்தியப் புதர்களில் வாழும் 'ஈகாந்தஸ் ஹென்றியை' என்னும் மரச் சுவர்க்கோழியின் இறக்கை நொடிக்குச் சுமார் 3000 முறை அதிர்கிறது. ஒலியின் வேகம் நொடிக்கு 340 மீட்டர் எனக் கொண்டால், அலைநீளம் 11 சென்டிமீட்டருக்கு மேல். இறக்கையோ ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான். அது முன்புறக் காற்றை அழுத்தும்போது பின்புறக் காற்று தளர்கிறது. இரண்டும் இறக்கையின் ஓரத்தைச் சுற்றி வந்து ஒன்றையொன்று பெருமளவு அழித்துவிடுகின்றன. பெட்டியிலிருந்து கழற்றிய ஒலிபெருக்கியின் ஓசை சோர்ந்துபோவதும் இதனால்தான்.

சில ஆண் பூச்சிகள் இதற்கு வழி கண்டிருக்கின்றன. இலையின் நடுவே இறக்கை அளவுக்குத் துளை கடித்து, அதில் உடலை நுழைத்து, இறக்கைகளை இலைப்பரப்போடு விரித்துப் பாடுகின்றன. இலை தடுப்பாகிறது, ஓசை ஓங்குகிறது. கிடைக்கும் இலைகளில் பெரியதையே இவை தேர்ந்தெடுக்கின்றன என்று பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் ரோகிணி பாலகிருஷ்ணனும் உடன் ஆய்வாளர்களும் 2017-இல் காட்டினர். 2020-இல் வந்த ஆய்வு இன்னும் சுவையானது. உருவில் சிறிய, ஓசை குறைந்த ஆண்களே இலையை அதிகம் நாடுகின்றன. ஓங்கிய ஓசையைத் தேடி வரும் பெண்ணுக்கு, இலைக்குப் பின்னால் இருப்பவன் சிறியவன் என்பது தெரிவதில்லை போலும்!