சிறுதொழில் நிறுவனங்களின் இணைய வழங்கிகளுக்கு ஃபிரீபிஎஸ்டி இயங்குதளம்

முன்னுரை

பத்துப் பேர் பணிபுரியும் நிறுவனத்திற்கும் இணையதளம், மின்னஞ்சல், தரவுத்தளம் ஆகியவை இன்று தேவைப்படுகின்றன. ஆயினும் வழங்கியைக் கவனிப்பதற்கெனத் தனிப் பணியாளர் அங்குப் பெரும்பாலும் இருப்பதில்லை. கணினி அறிந்த ஒருவர் தம் பிற பணிகளுக்கிடையே அதனையும் பார்த்துக்கொள்கிறார். எனவே, இயங்குதளம் இலவசமாகக் கிடைக்கிறதா என்பதைவிட, குறைந்த உழைப்பில் பாதுகாப்பாகப் பேண இயலுமா என்பதே முதன்மையான வினாவாகும். அவ்வினாவின் அடிப்படையில் ஃபிரீபிஎஸ்டி இயங்குதளத்தை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தோற்றமும் உரிமமும்

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் வளர்ந்த யுனிக்ஸ் வடிவம் பிஎஸ்டி எனப்பட்டது. அதன் வழிவந்த 386பிஎஸ்டியை அடிப்படையாகக் கொண்டு ஃபிரீபிஎஸ்டி திட்டம் 1993ஆம் ஆண்டு தொடங்கியது. யுனிக்ஸ் மூலநிரலின் உரிமை குறித்த வழக்கு 1994ஆம் ஆண்டு உடன்பாட்டில் முடிந்தது. அதன்பின், சிக்கலுக்குரிய பகுதிகள் நீக்கப்பெற்ற 4.4பிஎஸ்டி-லைட் நிரலின்மீது 2.0 பதிப்பு அமைக்கப்பட்டது.

இதன் உரிமம் மிக எளியது. பதிப்புரிமைக் குறிப்பையும் பொறுப்புத் துறப்பையும் பேணினால் போதும். மாற்றிய நிரலை வெளியிட வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. வழங்கியைப் பயன்படுத்த மட்டுமே விழையும் நிறுவனத்திற்கு இதனால் பெரிய வேறுபாடு இல்லை. நிரலை மாற்றித் தன் கருவிகளில் பொதித்து விற்கும் நிறுவனத்திற்கே இது பயனளிக்கிறது.

அடிப்படை அமைப்பும் கூடுதல் மென்பொருளும்

லினக்ஸில் கர்னல் ஒரு குழுவினராலும் பிற கருவிகள் வேறு குழுவினராலும் உருவாக்கப்படுகின்றன. அவற்றை வெவ்வேறு வெளியீட்டாளர்கள் தொகுத்து வழங்குகின்றனர். ஃபிரீபிஎஸ்டியில் கர்னலும் அடிப்படைக் கட்டளைகளும் ஒரே மூலநிரல் தொகுப்பில் பேணப்படுகின்றன. அப்பாச்சி, போஸ்ட்கிரெஸ்கியூஎல் போன்ற கூடுதல் மென்பொருள்கள் தனி அடைவில் நிறுவப்படுகின்றன. ஆதலின் இணைய வழங்கி மென்பொருளைப் புதுப்பிக்கும்போது அடிப்படை அமைப்பு மாறுவதில்லை. கணினி தொடங்கும்போது எச்சேவைகள் இயங்க வேண்டும் என்பது பெரும்பாலும் 'ஆர்சி.கான்ஃப்' என்னும் ஒரே கோப்பில் எழுதப்படுகிறது. பொறுப்பாளர் விலகிச் சென்றாலும், அடுத்து வருபவர் அக்கோப்பைப் படித்து வழங்கியின் பணிகளை அறிந்துகொள்ளலாம்.

சிறை அமைப்பும் கோப்பு முறைமையும்

2000ஆம் ஆண்டு வெளிவந்த 4.0 பதிப்பு 'ஜெயில்' என்னும் சிறை அமைப்பை அறிமுகப்படுத்தியது. இணையதளத்தை ஒரு சிறையிலும் மின்னஞ்சலை மற்றொரு சிறையிலும் இயக்கலாம். இணையதள நிரலின் குறை வழியாக நுழையும் ஊடுருவலர் அச்சிறைக்குள்ளேயே கட்டுண்டிருப்பார். எனினும் எல்லாச் சிறைகளும் ஒரே கர்னலைப் பகிர்கின்றன. கர்னலிலேயே குறை இருப்பின் இத்தடுப்பு பயன்படாது.

2008ஆம் ஆண்டின் 7.0 பதிப்பில் இசட்எஃப்எஸ் கோப்பு முறைமை சேர்க்கப்பட்டது. இரு வட்டுகளில் ஒன்றில் தரவு பழுதுற்றால், சரிபார்ப்புத் தொகையின் துணையால் அதனைக் கண்டறிந்து மற்றொன்றிலிருந்து சீர்செய்கிறது. புதுப்பிக்கும் முன் 'ஸ்னாப்ஷாட்' எடுத்துவைத்தால் பழைய நிலைக்குத் திரும்பலாம். ஆனால் அது காப்புப்படி ஆகாது. வழங்கி தீக்கிரையானால் அதுவும் உடன் அழியும்; எனவே வேறோர் இடத்திற்குப் படியனுப்புதல் இன்றியமையாதது.

எல்லைகள்

ஒவ்வொரு பதிப்பிற்கும் பாதுகாப்புத் திருத்தங்கள் வரையறுத்த காலத்திற்கே கிடைக்கும்; நிறுவிவிட்டு மறப்பது இடர் விளைவிக்கும். லினக்ஸிற்கு மட்டுமே வெளியாகும் வணிக மென்பொருள்களும் உண்டு. லினக்ஸ் அறிந்தோருடன் ஒப்பிட, இதனை அறிந்த பணியாளர் குறைவு. மின்னஞ்சல் வழங்கியைப் பொறுத்தவரை, அனுப்பும் ஐபி முகவரியின் நற்பெயரும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் பதிவுகளும் சரியாக இல்லையெனில், எந்த இயங்குதளமாயினும் அஞ்சல் குப்பைப் பெட்டிக்கே செல்லும்.

முடிவுரை

ஃபிரீபிஎஸ்டி உரிமச் செலவை நீக்குகிறது. பராமரிப்புப் பொறுப்பை நீக்குவதில்லை. தெளிவான அமைப்பும் சேவைகளைப் பிரித்துவைக்கும் வசதியும் அப்பொறுப்பை ஒருவரே சுமக்கத்தக்க அளவிற்கு எளிதாக்குகின்றன. திருத்தங்களை இடுவதற்கும் காப்புப்படியை மீட்டுச் சோதிப்பதற்கும் மாதந்தோறும் சில மணிநேரம் ஒதுக்க இயலும் நிறுவனத்திற்கு இது தகுந்த தேர்வாகும். அவ்வாறு இயலாத நிறுவனம் பிறர் பராமரிக்கும் சேவையைக் கட்டணம் செலுத்திப் பெறுவதே நன்று.