மேசை மீது ஏறும் மலை ரயில்

ஏற்காட்டிற்கு ரயில் இல்லை. சேலம் சந்திப்பில் இறங்கி, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் பேருந்தில் கடந்தே சேர்வராயன் மலைக்கு வந்து சேர வேண்டும். பிள்ளைகளை விடுதியில் கொண்டுவந்து விடும் பெற்றோர் இதை நன்கு அறிவர். வளைவுதோறும் வயிற்றைப் பிடித்துக்கொள்ளும் சின்னத் தங்கைகள் இன்னும் நன்றாக அறிவர். ஆகவே, "இங்கே ஒரு ரயில் வந்தால் எப்படி இருக்கும்?" என்ற கேள்வி எங்களிடையே அடிக்கடி எழுவதில் வியப்பில்லை. உண்மையான ரயில் வரும்வரை காத்திராமல், விளையாட்டுக் கட்டைகளைக் கொண்டு அதை மேசை மீது ஓட்டிப் பார்க்கும் பொழுதுபோக்கைப் பற்றிச் சில செய்திகளை இங்கே கூற விழைகிறோம்.

குமிழ்கள் வைத்த பிளாஸ்டிக் கட்டைகளைக் காணாத மாணவி இருக்க மாட்டாள். டென்மார்க் நாட்டில் பில்லுண்ட் என்னும் சிற்றூரில், ஓலே கிர்க் கிறிஸ்டியான்சன் என்ற தச்சர் 1932ஆம் ஆண்டில் மரப் பொம்மைகள் செய்யத் தொடங்கினார். 'நன்றாக விளையாடு' என்னும் பொருள் தரும் இரு டேனிஷ் சொற்களைச் சுருக்கி 'லெகோ' என்று தம் தொழிலுக்குப் பெயரிட்டார். மேலே குமிழும் உள்ளே குழலுமாக ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும் இன்றைய கட்டைக்கு 1958இல் காப்புரிமை கேட்கப்பட்டது. அந்த ஆண்டில் செய்த கட்டை இன்று வாங்கும் கட்டையோடு பிசகாமல் பொருந்தும். 1966இல் இதே கட்டைகளால் ஆன மின்கல ரயிலும் கடைக்கு வந்தது.

எட்டுக் குமிழ்க் கட்டைகள் ஆறினை, ஒரே நிறத்தில் எடுத்துக்கொண்டால், எத்தனை விதமாக இணைக்கலாம்? பல்லாண்டுகளாக 10,29,81,500 என்றே சொல்லி வந்தனர். அது ஒன்றன்மேல் ஒன்றாக ஆறடுக்குக் கோபுரங்களை மட்டும் எண்ணிய கணக்கு. கோபன்ஹேகனைச் சேர்ந்த கணித அறிஞர் சோரென் ஐலர்ஸ் கணிப்பொறியின் துணையுடன் எல்லா விதங்களையும் எண்ணி, 91,51,03,765 என்று கண்டார். கணக்கு வகுப்பில் வரிசை மாற்றங்களைக் கண்டு அஞ்சும் தோழியர் இதைக் கேட்டுச் சற்று ஆறுதல் அடையலாம். பெரியவர்களும் நெடுங்காலம் குறைத்தே எண்ணியிருக்கின்றனர்.

இனி நம் மலைக்கு வருவோம். சேலம் நகரம் கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்திலும், ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலும் உள்ளன. ஆக, ரயில் ஏற வேண்டியது 1,200 மீட்டருக்குச் சற்று அதிகம். எவ்வளவு சரிவில் ஏறலாம் என்பதுதான் கேள்வி.

இதை மேசை மீதே சோதிக்கலாம். குமிழுக்குக் குமிழ் தூரம் 8 மில்லிமீட்டர். நேரான தண்டவாளத் துண்டு ஒன்றின் நீளம் 16 குமிழ், அதாவது 128 மில்லிமீட்டர். மெல்லிய தட்டு ஒன்றின் தடிப்பு 3.2 மில்லிமீட்டர், மூன்று தட்டு சேர்ந்தால் ஒரு கட்டையின் உயரம், 9.6 மில்லிமீட்டர். துண்டுக்கு ஒரு தட்டு வீதம் உயர்த்திக்கொண்டே போனால் சரிவு 40க்கு 1. இரண்டு மூன்று பெட்டிகளுடன் பொம்மை ரயில் இதில் முனகிக்கொண்டேனும் ஏறிவிடும். துண்டுக்கு ஒரு முழுக் கட்டை வீதம் உயர்த்தினால் சரிவு ஏறத்தாழ 13க்கு 1. இப்போது இன்ஜின் சக்கரம் சுழலும், வண்டி நகராது. சக்கரத்தில் ரப்பர் வளையம் இருந்தும் வழுக்கும்.

விந்தை என்னவெனில், நீலகிரி மலை ரயில் ஏறும் மிகக் கடுமையான சரிவு 12.5க்கு 1. மேசை மேல் வழுக்கிய அதே சரிவு! அங்கே எப்படி ஏறுகிறது? கல்லாற்றிலிருந்து குன்னூர் வரை இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவில் பற்சட்டம் பதித்திருக்கிறார்கள். சுவிட்சர்லாந்தின் ரோமன் ஆப்ட் என்ற பொறியாளர் வகுத்த முறை இது. பக்கம் பக்கமாக இரண்டு சட்டங்கள். ஒன்றின் பல்லுக்கு நேரே மற்றொன்றின் பள்ளம். ஆகவே இன்ஜினின் பற்சக்கரம் எந்த நொடியிலும் பிடியை விடுவதில்லை. மேலும் இன்ஜின் வண்டியை முன்னின்று இழுப்பதில்லை. கீழ்ப்புறம் நின்று தள்ளுகிறது. பெட்டி கழன்றாலும் பள்ளத்திற்கு ஓடாமல் இன்ஜின் மீதே சாயும். இந்தப் பாதை குன்னூர் வரை 1899லும், உதகமண்டலம் வரை 1908லும் திறக்கப்பட்டது. 46 கிலோமீட்டரில் 208 வளைவுகள், 16 குகைகள், 250 பாலங்கள். 2005இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது.

கட்டைப் பெட்டிகளிலும் பற்சட்டத் துண்டுகளும் பற்சக்கரங்களும் கிடைக்கின்றன. அவற்றைத் தண்டவாளத்தின் நடுவில் பதித்து, இன்ஜினின் வயிற்றில் ஒரு பற்சக்கரம் பொருத்தினால், வழுக்கிய வண்டி 'கடகட'வென்று ஏறுவதைக் காணலாம். பாட நூலில் உராய்வு பற்றிப் பத்துப் பக்கம் படிப்பதைவிட இது மனத்தில் நிற்கும் என்பது எங்கள் கருத்து. இதே கணக்கை ஏற்காட்டிற்குப் போட்டால், 40க்கு 1 சரிவில் ஏறத்தாழ 49 கிலோமீட்டர் பாதை வேண்டும், 12.5க்கு 1 எனில் 15 கிலோமீட்டர் போதும், ஆனால் பற்சட்டம் இன்றி நடவாது. பாலங்களும் குகைகளும் ஆகும் செலவை அப்பாமார்தான் கணக்கிட வேண்டும்.

அளவு விஷயத்தில் நம் நாட்டு ரயிலுக்கு ஒரு நற்பேறு உண்டு. பொம்மைத் தண்டவாளத்தின் இடைவெளி சுமார் 37.5 மில்லிமீட்டர். நம் அகலப் பாதை 1,676 மில்லிமீட்டர். 45இல் ஒரு பங்கு என்று வருகிறது. 4 சென்டிமீட்டர் உயரமுள்ள கட்டை மனிதனை 45 மடங்கு பெருக்கினால் 180 சென்டிமீட்டர், நல்ல உயரமான ஆள். பெரம்பூரில் 1955இல் தொடங்கிய ஐ.சி.எப். தொழிற்சாலையின் பழைய வகைப் பெட்டி சுமார் 3.25 மீட்டர் அகலம். மேசை மீது அது சரியாக 9 குமிழ். நீளம்தான் தொல்லை. 21.3 மீட்டர் பெட்டிக்கு 59 குமிழ் வேண்டும். பதினாறு துண்டில் முழு வட்டமாகிவிடும் வளைவில் அவ்வளவு நீளமான பெட்டி திரும்பாது. சுரங்க வாயில் இடித்துக் கவிழும். நீளத்தைப் பாதியாகக் குறைப்பதே நல்லது. சன்னல்களின் எண்ணிக்கையைக் குறைத்துவிட்டால் பார்ப்பவர் கண்ணுக்கு அது தெரியாது.

காட்சிக்கு வைப்பது நமக்குப் புதிதன்று. நவராத்திரிக் கொலுவின் படிகளுக்குக் கீழே மண் பரப்பி, கடுகு தூவி முளைக்கவிட்டு, அதைச் சுற்றிப் பொம்மை ரயில் விடும் வீடுகள் தமிழ்நாட்டில் ஏராளம். கிறிஸ்துமஸ் குடிலிலும் மாட்டுக் கொட்டிலுக்குப் பின்னால் ரயில் ஓடுவதுண்டு. பெத்லகேமில் ஏது ரயில் என்று யாரும் கேட்பதில்லை! பூனாவில் பாவ் ஜோஷி என்பவரின் ஆர்வத்தால் 1998இல் திறக்கப்பட்ட சிற்றுரு ரயில் காட்சியகத்தில் ஒரு நகரமே ஓடிக்கொண்டிருக்கிறது.

இடையூறு விலைதான். நல்ல ரயில் பெட்டி ஒன்றின் விலை பல வீடுகளின் மாத மளிகைக் கணக்கை மிஞ்சும். ஆதலால் இன்ஜினுக்கும் பாதைக்கும் மட்டும் கட்டைகளைச் செலவிட்டு, மலையைக் காகிதக் கூழாலும், நிலையத்தைத் தீப்பெட்டிகளாலும் செய்வதே அறிவுடைமை. 'எல்லாமே கட்டையாக இருந்தால்தான் சுத்தம்' என்பாரோடு நாங்கள் உடன்படவில்லை. ஆனால் ஏற்காட்டு மூடுபனியில் காகிதக் கூழ் எளிதில் காயாது. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் செய்து வைத்துவிட வேண்டும்.

"இது பையன்கள் விளையாட்டல்லவா?" என்று கேட்கும் உறவினர்களுக்கு ஒரு செய்தி. 1980களின் இறுதியில் ரயில்வேயில் சேர்ந்து, நாட்டின் முதல் பெண் ரயில் ஓட்டுநர் என்று பெயர் பெற்ற சுரேகா யாதவ், 2025இல்தான் ஓய்வு பெற்றார்.

காட்சி அமைக்க விரும்பும் தோழியருக்கு இன்னும் சில சொற்கள். குகையின் பின்பக்கத்தைத் திறந்தே வையுங்கள். வண்டி கவிழ்வது பெரும்பாலும் உள்ளேதான், கை நுழைய வேண்டும். வெயில் படும் சன்னலோரம் வேண்டாம்; வெள்ளைக் கட்டைகள் பழுப்பேறும். சிறு பிள்ளைகளின் கண்மட்டத்திற்கு மேசை இருக்கட்டும். ஆனால் ஒரு கயிறு கட்டுங்கள். மாற்று மின்கலம் கைவசம் இருக்கட்டும். கோந்து மட்டும் வேண்டாம். விழா முடிந்த மாலையே எல்லாவற்றையும் பிரித்து, வெந்நீரில் அல்ல, வெதுவெதுப்பான நீரில் அலசி, துணியில் பரப்பி உலர்த்தி, நிறவாரியாக அல்லாமல் வடிவவாரியாக டப்பாக்களில் இடுங்கள். சிவப்புக் குவியலில் ஒரு சிறு சிவப்புத் தட்டைத் தேடுவது மிகவும் கடினம்.