பிரேக் பெடலும் குக்கர் காஸ்கெட்டும்

காஸ்கெட் தளர்ந்துபோனால் குக்கர் விசில் அடிக்காது. இது நமக்கெல்லாம் தெரிந்த சமாசாரம். காரின் பிரேக்கும் கிட்டத்தட்ட அதே கதைதான் என்பதை மாம்பழச் சாலை சிக்னலில், பேத்தியைப் பின் ஸீட்டில் வைத்துக்கொண்டு நான் தெரிந்துகொண்டேன்.

எங்காத்தில் மாமனார் வாங்கின அம்பாஸடர் ஒன்று இருக்கிறது. 1986-ஆம் வருஷத்து வண்டி. இந்துஸ்தான் மோட்டார்ஸ் 2014-ல் அம்பாஸடர் தயாரிப்பையே நிறுத்திவிட்டது. ஆனாலும் எங்களுக்கு அதை விற்க மனசு வரவில்லை. என்னவருக்குக் கண் ஆபரேஷன் ஆனதிலிருந்து ஓட்டுவது நான்தான்.

அன்று பேத்திக்கு மூன்றரை மாதத் தடுப்பூசி. ஸ்ரீரங்கத்திலிருந்து தில்லைநகர் போகவேண்டும். சிக்னலில் பிரேக்கை மிதித்தபடி நிற்கிறேன். காலுக்கடியில் பெடல் மெள்ள மெள்ள உள்ளே போகிறது! வண்டி முன்னால் நின்ற ஆட்டோவை நோக்கி நகர்ந்தது. பதறிப்போய்க் காலை எடுத்து மறுபடி மிதித்தேன், நின்றது. கை பிரேக்கைப் போட்டேன். காவேரிப் பாலத்தில் இந்த வண்டியோடு ஏற எனக்குத் தைரியம் வரவில்லை. ஓரமாக நிறுத்தி, பெண்ணையும் குழந்தையையும் ஆட்டோவில் ஏற்றி அனுப்பினேன்.

வந்து பார்த்த பையன் மூடியைத் திறந்து, "பிரேக் ஆயில் ஃபுல்லா இருக்கு மாமி, ஒண்ணும் கோளாறு இல்லே" என்று சொல்லிவிட்டுப் போனான். "பழைய வண்டின்னா அப்படித்தான் இருக்கும்" என்றார் என்னவர்.

எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆயில் குறையவில்லை என்றால் வெளியே ஒழுகவில்லை. ஆனாலும் பெடல் இறங்குகிறதே! அப்படியானால் உள்ளுக்குள்ளேயே எங்கோ நழுவுகிறது. சட்டென்று குக்கர் ஞாபகம் வந்தது.

மறுநாள், பழைய வண்டிகளிலேயே ஊறின வயதான பாய் ஒருவரை வரவழைத்தோம். நாலு சக்கரத்தையும் குனிந்து பார்த்தார், எங்கும் ஈரமில்லை. என்னை ஒரு நிமிஷம் பெடலை மிதித்தபடி இருக்கச் சொன்னார். "அம்மா நினைச்சது சரிதான். மாஸ்டர் சிலிண்டர் வாஷர் போயிருக்கு" என்றார். கழற்றிக் காட்டியபோது ரப்பரின் விளிம்பு தேய்ந்து கிடந்தது. புது வாஷர்கள் மாற்றி, புது ஆயில் ஊற்றி, நாலு சக்கரத்திலும் ஏர் எடுத்துக் கொடுத்தார். "ஆயில் அளவை மட்டும் பார்த்துட்டு பிரேக்கை நம்பக் கூடாதும்மா" என்று அவர் சொன்னதை என்னவரும் கேட்டுக்கொண்டார்!

விஷயம் இவ்வளவுதான். ஊசி போடும் ஸிரிஞ்சை நினைத்துக்கொள்ளுங்கள். பெடலை மிதித்ததும் மாஸ்டர் சிலிண்டர் ஆயிலை அழுத்துகிறது. அந்த அழுத்தம் குழாய் வழியே சக்கரத்துக்குப் போய் பிரேக் ஷூவை டிரம்மோடு ஒட்டவைக்கிறது. பழைய வண்டிகள் பலவற்றில் நாலு சக்கரத்துக்கும் ஒரே ஆயில் வழிதான். ஓரிடத்தில் போனால் எல்லாம் போச்சு.

காலே சொல்லிவிடும் கோளாறுகளைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்:

1. பெடல் பஞ்சு மாதிரி மெத்தென்று இருந்தால், குழாயில் காற்று புகுந்திருக்கலாம். திரவம் அமுங்காது, காற்று அமுங்கும். ஏர் எடுக்கவேண்டும்.

2. முதல் மிதிக்கு ஆழமாகப் போய், இரண்டு மூன்று தரம் மிதித்ததும் மேலே வந்து கெட்டியாக நின்றால், பெரும்பாலும் ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி அதிகமாகியிருக்கும். அட்ஜஸ்ட் செய்தாலே போதும்.

3. மிதித்தபடி இருக்கும்போது மெதுவாக இறங்கினால் ஒழுகல். சக்கரத்தின் உட்பக்கம் ஈரமாக இருந்தால் வெளி ஒழுகல். ஈரமும் இல்லை, ஆயிலும் குறையவில்லை என்றால் மாஸ்டர் சிலிண்டரைச் சந்தேகப்படுங்கள்.

4. பிரேக் போட்டால் வண்டி ஒரு பக்கமாக இழுத்தால், ஏதோ ஒரு சக்கரத்தில் லைனிங்கில் ஆயில் பட்டிருக்கலாம், அல்லது வீல் சிலிண்டர் இறுகியிருக்கலாம்.

5. பெடல் காலை உதறினால், டிரம் வட்டம் கெட்டிருக்கலாம்.

பிரேக் ஆயில் மழைக்கால உப்பு மாதிரி காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 வகை ஆயில் புதிதில் 205 டிகிரி ஸெல்ஷியஸ் வரை கொதிக்காமல் தாங்கவேண்டும். ஈரம் ஏறினால் அந்தத் தாங்கும் அளவு 140 டிகிரி வரை இறங்கிவிடலாம். மலைப் பாதையில் இறங்கும்போது சூட்டில் ஆவியாகி பிரேக் பிடிக்காமல் போகும் அபாயம் உண்டு. ஆகவே இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். அவசரத்துக்கு என்ஜின் ஆயிலை மட்டும் ஊற்றிவிடாதீர்கள். ரப்பரெல்லாம் ஊதிக் கெட்டுவிடும். பிரேக் ஆயில் பெயின்டில் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவிவிடுங்கள்.

ஓடும்போதே பிரேக் பிடிக்கவில்லையா? பெடலைப் பலமுறை விடாமல் மிதியுங்கள். ஒவ்வொரு கியராகக் குறையுங்கள். கை பிரேக்கைச் சிறிது சிறிதாக இழுங்கள். அது தனிக் கம்பியில் இயங்குவதால் ஆயில் போனாலும் வேலை செய்யும்.

தினமும் வண்டியை எடுக்குமுன் ஒரு நிமிஷம் பெடலை அழுத்தியபடி இருந்து பாருங்கள். நான் இப்போது பெருமாளை ஸேவித்துவிட்டு, பெடலையும் ஒரு அழுத்து அழுத்திவிட்டுத்தான் கிளம்புகிறேன். பேத்திக்கு அடுத்த ஊசிக்குக் காவேரிப் பாலத்தை அம்பாஸடரிலேயே தாண்டினோம்.