காணியை விற்க முன் ஒரு கேள்வி

கிளிநொச்சியில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். 2009 போரில் ஷெல் துண்டு முள்ளந்தண்டில் பட்டு, இடுப்புக்குக் கீழே உணர்விழந்தவர்கள் வன்னியில் பலர். என் அண்ணாவும் அவர்களில் ஒருவர். அதனால்தான் தாய்மார் என்னிடம் வருகிறார்கள். "தோலில எடுத்த கலத்தை நரம்பாக்கி ஊசியாப் போடுறாங்களாம் ரீச்சர், காணியை வித்தாவது பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகலாமோ?" என்று கேட்கிறார்கள்.

கலத்தை மாற்றலாம் என்பது உண்மை. தோலுக்கும் நரம்புக்கும் பரம்பரையலகுகள் ஒன்றேதான். இரணைமடுக் குளத்துத் தண்ணீர் ஒன்றானாலும், எந்தத் துருசு திறந்திருக்கிறதோ அந்த வயல்தானே பாயும்? கியோத்தோ பல்கலைக்கழகத்தில் ஷின்யா யமனாகா நான்கே பரம்பரையலகுகளைச் செலுத்தி, கலத்தில் அப்படிப் பூட்டிக் கிடந்த துருசுகளைத் திறந்தார். 2006இல் எலியின் கலமும், 2007இல் வளர்ந்த மனிதரின் தோல் கலமும், எதுவாகவும் மாறக்கூடிய குருத்துக்கலங்களாயின. 2012இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால் அந்த நான்கையும் உள்ளே கொண்டுபோனது வைரசு. அது கலத்தின் டிஎன்ஏயில் கண்ட இடத்தில் தன்னைச் செருகிவிடும். நான்கில் ஒன்று புற்றுநோயோடு தொடர்புள்ளதும்கூட. எலிகளில் கட்டிகள் தோன்றின.

நனோப் பொருள்கள் வருவது இங்கேதான். ஒரு நனோமீற்றர் என்பது மீற்றரில் நூறு கோடியில் ஒரு பங்கு. கிராபீன் ஒட்சைட்டுத் தகட்டில் நேரேற்றமுள்ள பல்பகுதியத்தைப் பூசினால், அந்த நான்கின் செய்தியைச் சுமக்கும் மறையேற்றமுள்ள ஆர்என்ஏ அதில் ஒட்டிக்கொள்ளும். கலம் அதை விழுங்கும். ஆர்என்ஏ தன் செய்தியைச் சொல்லிவிட்டு அழிந்துபோகும். டிஎன்ஏயில் எதையும் செருகாது. வைரசு இல்லாமலே குருத்துக்கலம் கிடைக்கும் இந்த வழி எனக்குப் பெரிய நம்பிக்கை தருகிறது.

அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் கி-பம் லீ குழுவினர் 2014இல் இன்னொரு வழியைக் காட்டினர். தங்க நனோத் துணிக்கையில் சிறு மூலக்கூறுகளைக் கட்டி, பரம்பரையலகை இயக்கும் புரதத்தின் வேலையை அதைக்கொண்டே செய்வித்தார்கள். அதே ஆண்டு கியோத்தோவில் நமசிவாயம் கணேஷ் பாண்டியனும் சக ஆய்வாளரும், செயற்கை மூலக்கூறுகளால் மனிதத் தோல் கலங்களில் உறங்கிய பரம்பரையலகுகளை எழுப்பினர். அந்தத் தமிழ்ப் பெயரை வகுப்பில் சொன்னபோது பிள்ளைகளின் முகம் மலர்ந்தது.

ஆனால் இவையெல்லாம் ஆய்வுகூடத் தட்டில் நடப்பவை. நனோத் துணிக்கையால் மாற்றிய கலம், முள்ளந்தண்டினுள் ஓடும் முண்ணாணின் காயத்துக்கு மருந்தாக இன்று எங்கும் இல்லை. ஜப்பானின் கெயோ பல்கலைக்கழகம் யமனாகா வழியில் வந்த கலங்களை நான்கு பேரின் முண்ணாணில் செலுத்தி, 2025 மார்ச்சில் முடிவை அறிவித்தது. இருவருக்கு முன்னேற்றம் தெரிந்தது. ஒருவர் துணையின்றி எழுந்து நின்றார். கலங்களைச் செலுத்தியபோது அவர்கள் காயப்பட்டுச் சில வாரங்களே ஆகியிருந்தன. எங்கள் பிள்ளைகளின் காயமோ பதினைந்து ஆண்டுகளைத் தாண்டியது. தழும்பேறிய முண்ணாணில் நரம்பு வளர்வது மிகக் கடினம்.

அம்மா, காணியை விற்காதீர்கள். படுக்கைப்புண் வராமலிருக்கக் காற்று மெத்தை வாங்குங்கள், உடற்பயிற்சியை நிறுத்தாதீர்கள். யாராவது குருத்துக்கல ஊசி என்று வந்தால், அது பதிவுபெற்ற பரிசோதனையா என்று கேளுங்கள். பரிசோதனைக்கே காசு கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.