அதே தண்டவாளத்தில் மீண்டும்: பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தமும் அதற்கான சிகிச்சைகளும்

கொல்கத்தாவுக்கு எதிர்க்கரையில், ஹவுரா மாவட்டத்தில் அமைந்த சாந்த்ராகாச்சி சந்திப்பு, வங்கத்தையும் தமிழகத்தையும் இணைக்கும் இருப்புப்பாதையில் முக்கியமான நிலையமாகும்; சென்னைக்குக் கட்டட வேலைக்கு வரும் தொழிலாளிகளும், வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையை நம்பி வரும் நோயாளிகளும், வங்கத்தில் பணிபுரிந்து விடுமுறைக்கு ஊர் திரும்பும் தமிழர்களும் இவ்வழியேதான் பயணம் செய்கின்றனர். 2023 ஜூன் 2 அன்று பிற்பகல் ஷாலிமார் நிலையத்திலிருந்து இப்பாதையில் சென்னைக்குப் புறப்பட்ட கோரமண்டல் விரைவு வண்டி, அன்று மாலை ஏழு மணியளவில் ஒடிசாவின் பாலேஸ்வர் மாவட்டத்திலுள்ள பாஹாநாகா பஜாரில், தவறான சமிக்ஞையால் கிளைப்பாதைக்குள் புகுந்து, அங்கு நின்றிருந்த இரும்புத்தாது ஏற்றிய சரக்கு வண்டியில் மோதியது. தடம்புரண்ட பெட்டிகள் எதிர்த்திசையில் சென்றுகொண்டிருந்த பெங்களூரு–ஹவுரா விரைவு வண்டியின் கடைசிப் பெட்டிகளையும் தாக்கின. 290க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஏறத்தாழ ஆயிரம் பேர் காயமடைந்தனர். எலும்பு முறிவுகளுக்குக் கணக்கு எழுதப்பட்ட அளவுக்கு, உயிர்தப்பியோரின் மனத்தில் நேர்ந்தவற்றுக்குக் கணக்கு எழுதப்படவில்லை.

முதல் மாதமும் அதற்குப் பிறகும்

கட்டாக்கிலுள்ள எஸ்.சி.பி. மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட 105 பேரில் சுமார் 40 பேரிடம் மன அதிர்ச்சியின் அறிகுறிகள் காணப்படுவதாக அங்குள்ள மனநல மருத்துவர்கள் விபத்து நடந்த சில நாட்களிலேயே தெரிவித்தனர். சிலர் தூக்கத்தில் அலறி எழுந்தனர். சிலர் காரணமின்றிச் சிரித்தும் அழுதும் கொண்டிருந்தனர். மீட்புப் பணியாளர்களும் இதற்கு விலக்கல்லர்: தண்ணீரைப் பார்க்கும்போதெல்லாம் இரத்தமாகத் தோன்றுவதாக வீரர் ஒருவர் கூறியதைத் தேசியப் பேரிடர் மீட்புப் படையின் தலைவரே பொதுமேடையில் எடுத்துரைத்தார்.

இவ்வறிகுறிகளைச் செய்தித்தாள்கள் உடனடியாகப் ‘பி.டி.எஸ்.டி.’ என்று எழுதின. மருத்துவ வரையறை இதில் சற்று நிதானமானது. பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு எனப்படும் இந்நோயை உறுதிசெய்ய, அறிகுறிகள் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து அன்றாட வாழ்வைக் குலைத்திருக்க வேண்டும் என்பது அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் அளவுகோல். அதற்கு முன் காணப்படுவது கடும் அழுத்த எதிர்வினையாகவே கொள்ளப்படுகிறது. இவ்வேறுபாடு வெறும் பெயர்ச் சண்டையன்று. விபத்தில் சிக்கியோரில் பெரும்பாலோர், உறவினரின் அரவணைப்பும் தூக்கமும் உணவும் கிடைத்தால், சில வாரங்களில் தாமாகவே தேறிவிடுகின்றனர். எனவே முதல் நாட்களில் எல்லாரையும் வரிசையில் அமர்த்தி, நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லச் சொல்வது ஆறத் தொடங்கிய புண்ணைக் கீறிப் பார்ப்பதற்கு ஒப்பாகும். ஒரே அமர்வில் அனைத்தையும் கொட்டவைக்கும் அம்முறை நோயைத் தடுப்பதில்லை என்று ஆய்வுகள் காட்டியதால், உலகச் சுகாதார நிறுவனம் அதனைப் பரிந்துரைப்பதில்லை. அதற்குப் பதிலாக அது முன்வைக்கும் உளவியல் முதலுதவி எளிமையானது: ஆபத்தில்லாத இடத்தில் அமர்த்துதல், அவராக விரும்பிப் பேசினால் காதுகொடுத்தல், தொலைந்த கைப்பேசியைக் கண்டெடுக்க உதவுதல், தேடும் உறவினரோடு அவரை இணைத்துவைத்தல்.

விலகல் நோயை வளர்க்கும் விதம்

ஒரு மாதம் கடந்தும் தேறாதவரிடம் மூன்று வகை மாற்றங்கள் வேர்கொள்கின்றன. நடந்து முடிந்த நிகழ்வு, நினைவாக அன்றி, இப்போதே நிகழ்வதாகக் கண்முன் விரிகிறது. அதை நினைவூட்டும் இடம், ஒலி, மனிதர், பேச்சு ஆகியவற்றை மனம் விலக்குகிறது. ஆபத்து இன்னும் அருகிலேயே இருப்பதாக உடல் எந்நேரமும் விழிப்புடன் விறைத்திருக்கிறது. ரயில் பெட்டிகள் இணையும்போது எழும் தடாலென்ற ஓசை ஒன்றே போதும், வியர்த்து நெஞ்சு படபடக்க.

இம்மூன்றில் நோயை நீட்டித்து வளர்ப்பது இரண்டாவதாகிய விலகலே. நிலையத்தின் பக்கம் போகாமலிருந்தால் அச்சம் உடனே தணிகிறது. அத்தணிவே விலகியது சரிதான் என்று மூளைக்குக் கற்பிக்கிறது. அடுத்த முறை நிலையம் இருக்கும் தெருவும், அதற்கடுத்த முறை பேருந்தும் அச்சத்துக்குரியவை ஆகிவிடுகின்றன. பாஹாநாகாவில் இது ஓர் ஊரளவில் நிகழ்ந்தது. உடல்களைக் கிடத்தி வைக்கப் பயன்பட்ட உயர்நிலைப்பள்ளிக்குத் திரும்ப மாணவர்களும் ஆசிரியர்களும் அஞ்சியதால், 65 ஆண்டுப் பழமையான அக்கட்டடத்தை இடிக்கும் பணி ஜூன் 9 அன்று தொடங்கியது. கட்டடம் வலுவிழந்திருந்தது என்பதும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. குழந்தைகளின் அச்சத்தை அலட்சியப்படுத்தாததும் பாராட்டத்தக்கதே. ஆயினும் பள்ளியை இடிக்கலாம், தண்டவாளத்தை இடிக்க முடியாது. ஜூன் 7 அன்றே கோரமண்டல் மீண்டும் அதே பாதையில் ஓடத் தொடங்கிவிட்டது.

படிப்படியாக எதிர்கொள்ளல்

இந்நோய்க்குச் சான்றுவலிமை மிக்க சிகிச்சைகளுள் ஒன்று, அமெரிக்க உளவியலாளர் எட்னா ஃபோவா வடிவமைத்த நீடித்த எதிர்கொள்ளல் சிகிச்சை ஆகும். வாரத்துக்கு ஒருமுறை, தொண்ணூறு நிமிடம் வரை நீளும் 8 முதல் 15 அமர்வுகளில் இது நடைபெறுகிறது. இதற்கு இரு பகுதிகள் உண்டு. ஒன்றில், நோயாளி கண்களை மூடி, நிகழ்வை நிகழ்காலத்தில் வைத்துத் தொடக்கம் முதல் இறுதிவரை சொல்கிறார்; ‘விளக்கு அணைகிறது, மேல்படுக்கை சரிகிறது’ என்று அவர் சொல்லச் சொல்ல, இப்போது அச்சம் எவ்வளவு என்று சிகிச்சையாளர் சுழியம் முதல் நூறு வரையிலான அளவில் இடையிடையே கேட்கிறார். அமர்வின் ஒலிப்பதிவை வீட்டில் நாள்தோறும் கேட்க வேண்டும். முதல் வாரம் எண்பதாக இருந்த மதிப்பு, பலமுறை கேட்டபின் முப்பதாக இறங்கக்கூடும். நிகழ்வு மறக்கவில்லை, ஆனால் அது கடந்துபோன ஒன்று என்பது உடலுக்கும் புரிந்துவிடுகிறது.

மற்றொரு பகுதி நேரில் எதிர்கொள்ளல். சாந்த்ராகாச்சியில் வசிக்கும் ஒருவருக்கு அதன் படிவரிசை எவ்வாறு அமையலாம் என்பதை எண்ணிப் பார்க்கலாம். முதற்படி, ஓடும் ரயிலின் காணொளியை ஒலியில்லாமல் பார்த்தல், பிறகு ஒலியோடு. அடுத்து, உறவினர் ஒருவர் துணையுடன் நடைமேடையில் அரைமணி நேரம் அமர்தல், பின்னர் துணையின்றி. அதன்பின் உள்ளூர் மின்வண்டியில் ஹவுராத் திசையில் அடுத்த நிலையமான ராம்ராஜாதலா வரை ஒரு பயணம்; அது பழகியபின் எதிர்த்திசையில் உலுபேரியா, கரக்பூர் வரை; ஈற்றில் இரவு வண்டியில் பாலேஸ்வர் வழியே நீண்ட பயணம். ஒவ்வொரு படியிலும் அச்சம் உச்சத்தை எட்டித் தானாகத் தணியும்வரை அங்கேயே இருப்பதுதான் விதி. பாதியில் எழுந்து ஓடினால் விலகலுக்கே மீண்டும் வெற்றி கிடைக்கிறது. இந்நிலையத்தின் நடைமேம்பாலத்துக்கும் தனிப்படி தேவைப்படலாம்: 2018 அக்டோபர் 23 அன்று பல வண்டிகள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வந்ததால் அங்கு ஏற்பட்ட நெரிசலில் இருவர் உயிரிழந்தனர். உண்மையில் ஆபத்தான கூட்ட நெரிசலுக்குள் நோயாளியைத் தள்ளுவது சிகிச்சை ஆகாது. பாதுகாப்பான ஒன்றை மனம் ஆபத்தாகக் காணும் இடங்களே படிவரிசையில் இடம்பெற வேண்டும்.

இங்கு ஒரு கேள்வி எழுவது இயல்பு. பிழைப்புக்காக இரண்டே மாதத்தில் மீண்டும் பொதுப்பெட்டியில் ஏறிச் சென்னை வந்த தொழிலாளி, வேறு வழியின்றியே அச்சத்தை எதிர்கொண்டுவிட்டாரே, அவர் ஏன் குணமடையவில்லை? கண்ணை இறுக மூடிக்கொண்டும், கதவோரத்தை விட்டு நகராமலும், மதுவின் துணையோடும் கடந்த பயணத்தில் மனம் புதிதாக எதையும் கற்பதில்லை. ‘கதவருகே நின்றதால் தப்பினேன்’ என்றே அது பதிந்துகொள்கிறது. கட்டாயத்தால் செய்த பயணத்தைத் துணிச்சல் என்று குடும்பத்தார் பாராட்டும்போது அவருடைய துன்பம் மேலும் மறைந்துபோகிறது.

குற்றவுணர்வைக் கேள்விக்குள்ளாக்குதல்

எல்லாருடைய நோயிலும் அச்சம் முதலிடம் வகிப்பதில்லை. ஜன்னலோர இருக்கையைத் தம்பிக்கு விட்டுக்கொடுத்தவரும், அன்றைய பயணச்சீட்டை வற்புறுத்தி எடுக்கச் செய்தவரும் சுமப்பது குற்றவுணர்வு. பேட்ரிசியா ரெசிக் உருவாக்கிய அறிவாற்றல் செயலாக்கச் சிகிச்சை இத்தகையோருக்கு ஏற்றது. பன்னிரண்டு அமர்வுகள் கொண்ட இம்முறையில், நிகழ்வின் விவரங்களைக் காட்டிலும் அதிலிருந்து நோயாளி வந்தடைந்த முடிவுகளே ஆராயப்படுகின்றன. ‘அவன் இறந்ததற்கு நானே காரணம்’ என்ற எண்ணத்தைத் தாளில் எழுதி, அதற்குச் சான்று என்ன, எதிர்ச்சான்று என்ன, அந்நேரத்தில் அறிந்திருந்தது எது, பின்னரே தெரியவந்தது எது என்று வரிவரியாகப் பிரிக்கிறார்கள். சமிக்ஞைச் சுற்றில் நேர்ந்த பிழையை எந்தப் பயணியும் முன்கூட்டி அறிந்திருக்க முடியாது. தர்க்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த இவ்வுண்மை, சொந்தக் கையால் எழுதிப் பார்க்கும்போதுதான் உள்ளே இறங்குகிறது.

பக்கவாட்டில் அசையும் விரலைக் கண்களால் பின்தொடர்ந்தவாறே நினைவை மனத்தில் நிறுத்தும் இ.எம்.டி.ஆர். முறையை ஃபிரான்சின் ஷாப்பிரோ 1980களின் இறுதியில் அறிமுகப்படுத்தினார். அது பலனளிக்கிறது என்பதில் பெரும்பாலும் கருத்தொற்றுமை உண்டு; ஆனால் பலன் கண் அசைவால் வருகிறதா, நினைவை எதிர்கொள்வதால் வருகிறதா என்னும் விவாதம் ஓயவில்லை. விரிவாகப் பேச விரும்பாதவருக்கு இது ஏற்புடையதாக இருக்கும்.

ஈழத்து அனுபவம்

தமிழ் பேசும் மக்களிடையே இச்சிகிச்சைகள் சோதிக்கப்பட்டதற்கு இலங்கையின் வடகிழக்கே சான்று. போரை ஏற்கெனவே கண்டு, 2004 ஆழிப்பேரலையிலும் சிக்கிய 8 முதல் 14 வயது வரையிலான 31 சிறுவர்களிடம் ஜெர்மானிய ஆய்வாளர்கள் ஓர் ஒப்பீட்டை நடத்தினர். ஒரு பிரிவினருக்குக் கதைவழி எதிர்கொள்ளல் சிகிச்சை தரப்பட்டது: பிறப்பு முதல் இன்றுவரையிலான வாழ்வை வரிசையாகச் சொல்ல, அதிர்ச்சி நிகழ்வுகள் அவ்வரிசையில் தத்தம் இடத்தில் அமர்த்தப்படுகின்றன. மறுபிரிவினருக்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும் கற்பிக்கப்பட்டன. பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள் ஆறு அமர்வுகளில் இவற்றை வழங்கினர். ஆறு மாதத்துக்குப் பின் முதற்பிரிவில் 81 விழுக்காட்டினரும் இரண்டாம் பிரிவில் 71 விழுக்காட்டினரும் நோயிலிருந்து மீண்டிருந்தனர்; புள்ளியியல் நோக்கில் இவ்வேறுபாடு பொருட்படுத்தத்தக்கதன்று. சிறிய ஆய்வு என்பதாலும், சிகிச்சையே பெறாத பிரிவு இல்லை என்பதாலும் முடிவைப் பெரிதாக்கிவிட முடியாது. யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், மந்திர உச்சரிப்பு, மூச்சுப்பயிற்சி, சாந்தி ஆசனம் போன்ற மக்கள் முன்பே அறிந்த முறைகளைச் சிகிச்சையில் சேர்த்துக்கொண்டதோடு, குடும்பமும் ஊரும் சிதைந்த இடத்தில் தனிமனிதரை மட்டும் குணப்படுத்த முயல்வது போதாது என்றும் வலியுறுத்தியவர். தமிழகச் சூழலுக்கு இப்பார்வை வெளிநாட்டுக் கையேடுகளைவிட நெருக்கமானது.

மருந்தும் உதவியும்

செர்ட்ராலின், பராக்செட்டின் ஆகிய மனச்சோர்வு எதிர்ப்பு மருந்துகள் இந்நோய்க்கும் பயன்படுகின்றன; பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும், மருத்துவரின் அறிவுரையின்றித் திடீரென நிறுத்தக் கூடாது. தூக்கம் வருவதற்காக அல்பிரசோலம், டயசிபாம் போன்றவற்றை நீண்டகாலம் விழுங்குவது நோயைத் தீர்க்காமல் அடிமைப்படுத்திவிடும் என்பதால் சிகிச்சை வழிகாட்டிகள் அவற்றைத் தவிர்க்கச் சொல்கின்றன. தற்கொலை எண்ணம் இருப்பின் பேச்சுச் சிகிச்சைக்குக் காத்திராமல் உடனே மருத்துவமனையை அணுக வேண்டும்.

மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இருபத்துநான்கு மணி நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். தமிழிலும் வங்காளத்திலும் பேச முடிவதால், கொல்கத்தாவிலுள்ள தமிழருக்கும் சென்னையிலுள்ள வங்கத் தொழிலாளிக்கும் அது ஒருங்கே பயன்படும். நேரில் அணுக, கொல்கத்தாவில் எஸ்.எஸ்.கே.எம். மருத்துவமனையைச் சார்ந்த மனநல நிறுவனமும், சென்னையில் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையும் உள்ளன. முதற்சந்திப்பிலேயே எந்த முறை, எத்தனை அமர்வு, வீட்டில் செய்ய வேண்டியது என்ன என்று கேட்டறிவது நோயாளியின் உரிமை.

நாள்கூலி பெறுபவருக்குப் பன்னிரண்டு வாரம் தொடர்ந்து ஓரிடத்தில் தங்குவது இயலாதது. இங்கேதான் பல சிகிச்சைகள் பாதியில் முறிகின்றன. எட்டு வாரத்தில் பரப்பித் தரப்படும் பத்து எதிர்கொள்ளல் அமர்வுகளை இரண்டே வாரத்தில் நாள்தோறும் தந்தாலும் பலன் குறைவதில்லை என்று அமெரிக்கப் படைவீரர்களிடம் எட்னா ஃபோவா குழுவினர் நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வு காட்டியுள்ளது. இரண்டு வார விடுப்பு என்பது ஒரு கட்டடத் தொழிலாளி கேட்டுப் பெறக்கூடியது. ரயில்வேயும் மாநில அரசுகளும் இழப்பீட்டோடு அந்நாட்களின் கூலியையும் சேர்த்து வழங்குமானால், சாந்த்ராகாச்சியிலிருந்து ஏறுபவர் அச்சிகிச்சையை முடித்துவிட்டே வண்டி ஏற முடியும்.