பாரம் ஏறினால் ஒளியும் ஏறும்

தகுதிச் சான்றைப் புதுப்பிக்கும் கெடு நெருங்கும்போதெல்லாம், சரக்கு ஏற்றும் பிக்கப் வண்டி வைத்திருப்பவர்களின் கடிதங்களில் ஒரே ஐயம் திரும்பத் திரும்ப எழுகிறது: எஃப்.சி. ஆய்வில் எந்தக் குறையும் சொல்லப்படாத முகப்பு விளக்கு, அன்றிரவே நெடுஞ்சாலையில் எதிரே வருபவரின் கண்ணைக் கூச வைப்பது எப்படி? பல்பில் கோளாறா, வண்டியின் உயரம் காரணமா, கண்ணாடியில் கறுப்புப் பொட்டு ஒட்டாததுதான் பிழையா என்று கேட்பவர்கள் பெரும்பாலும் விளக்கையே சந்தேகிக்கிறார்கள். அந்த விளக்கைத் தாங்கி நிற்கும் வண்டியின் உடல், பாரம் ஏறியதும் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை அவர்களும் கேட்பதில்லை, அவர்களுக்குச் சான்று வழங்கும் விதிமுறையும் போதிய அளவு கேட்பதில்லை.

ஓட்டுநர்கள் 'டிம்' என்று சொல்லும் தாழ் ஒளி, வெளிச்சம் குறைந்த ஒளி அன்று. அது மேல்விளிம்பு உள்ள ஒளி. விளிம்புக்குக் கீழே சாலை நன்றாகத் தெரியும் அளவுக்கு வெளிச்சமும், விளிம்புக்கு மேலே ஏறத்தாழ இருளும் இருக்கும்படி விளக்கின் உட்புறம் வடிவமைக்கப்படுகிறது. இடப்பக்கம் ஓட்டும் நாடுகளில், எதிரே வருபவர் இருக்கும் வலப்பாதியில் அந்த விளிம்பு கிடையாகவும், சாலையோரம் தெரிய வேண்டிய இடப்பாதியில் சற்றே மேலேறியும் அமையும். இந்த விளிம்பு எவ்வளவு கீழ்நோக்கிச் செல்ல வேண்டும் என்பதைப் பொறியாளர்கள் சதவீதத்தில் சொல்கிறார்கள். 1 சதவீதச் சரிவு என்றால் 10 மீட்டர் தொலைவுக்கு 10 செ.மீ. இறக்கம். ஐக்கிய நாடுகள் அவையின் 48ஆம் எண் ஒழுங்குமுறை, விளக்கு 80 செ.மீ. உயரத்துக்குள் இருந்தால் தொடக்கச் சரிவு 1 முதல் 1.5 சதவீதம் வரையிலும், ஒரு மீட்டருக்கு மேல் இருந்தால் 1.5 முதல் 2 சதவீதம் வரையிலும் இருக்க வேண்டும் என்கிறது. இந்தியாவின் ஏ.ஐ.எஸ். 008 தரநிலை அந்த ஒழுங்குமுறையின் வழியில் எழுதப்பட்டதே.

இனி சிக்கலுக்கு வரலாம். விளக்கு தரையிலிருந்து 80 செ.மீ. உயரத்தில் இருக்கிறது, சரிவு சரியாக 1 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், காலி வண்டியின் ஒளிவிளிம்பு 80 மீட்டர் தொலைவில் தரையைத் தொட்டுவிடும். எதிரே வருபவர் எங்கிருந்தாலும் அவருடைய கண் விளிம்புக்கு மேலேயே இருக்கும். அதே வண்டியில் தக்காளிக் கூடைகளோ வெங்காய மூட்டைகளோ ஏறியதும், பின்புறக் கமான் பட்டைகள் அமுங்கி, முன்பக்கத்தைவிடப் பின்பக்கம் 6 செ.மீ. கூடுதலாகத் தாழ்கிறது என்போம். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 3 மீட்டர் இருந்தால், அந்த 6 செ.மீ. வண்டியின் மூக்கை 2 சதவீதம் மேலே தூக்குகிறது. கீழ்நோக்கி 1 சதவீதமாக இருந்த ஒளிவிளிம்பு மேல்நோக்கி 1 சதவீதமாக மாறிவிடுகிறது. இப்போது அது தரையைத் தொடுவதே இல்லை. தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் கண் உள்ள இருசக்கர வாகன ஓட்டி 70 மீட்டருக்கு அப்பால் எங்கிருந்தாலும் அந்த ஒளிக்குள்தான் இருப்பார். தாழ்வான காரில் 1.1 மீட்டர் உயரத்தில் கண் உள்ளவர் 30 மீட்டர் நெருங்கும் வரை அதிலிருந்து தப்ப முடியாது. இத்தனைக்கும் ஓட்டுநர் 'டிம்' போட்டிருக்கிறார். தன்மேல் தவறில்லை என்று அவர் மனதார நம்புவதில் வியப்பில்லை.

வண்டி சிறியதாக இருந்தால் கணக்கு இன்னும் மோசமாகிறது. மக்கள் 'குட்டி யானை' என்று அழைக்கும் வகையில் இரு அச்சுகளுக்கும் இடையே 2.1 மீட்டரே இருப்பதால், அதே 6 செ.மீ. தாழ்வு அங்கே ஏறத்தாழ 3 சதவீதச் சாய்வாகிறது. கூடுதல் பாரம் ஏற்றுவதற்காகப் பின்புறம் ஒன்றிரண்டு பட்டைகளைச் சேர்த்துக் கட்டும் வழக்கம், பாரத்தில் சாயும் அளவைக் குறைப்பது உண்மைதான் என்றாலும், காலியாக ஓடும்போது வண்டியின் பின்புறத்தைத் தூக்கி முகத்தைக் குனிய வைக்கிறது. சாலை தெரியவில்லை என்று உரிமையாளர் விளக்கின் திருகாணியைத் திருகி ஒளியை உயர்த்திக்கொள்கிறார். மறுநாள் பாரம் ஏறியதும் அந்த உயர்வும் சாய்வும் ஒன்றோடொன்று கூடிக்கொள்கின்றன. ஒட்டன்சத்திரத்திலிருந்தும் மேட்டுப்பாளையத்திலிருந்தும் காய்கறியும் கிழங்கும் ஏற்றிக்கொண்டு விடிவதற்குள் அடுத்த ஊர்ச் சந்தையைச் சேர வேண்டிய வண்டிகள், தம் பாரம் மிகுந்த நேரத்தையே இருள் மிகுந்த நேரமாகவும் கொண்டிருக்கின்றன.

இந்தச் சாய்வை ஒழுங்குமுறை எழுதியவர்கள் அறியாதவர்கள் அல்லர். ஓட்டுநர் மட்டும் அமர்ந்த நிலையிலும், பின் அச்சு தாங்கக்கூடிய முழுப் பாரம் ஏறிய நிலையிலும் ஒளிவிளிம்பு அனுமதிக்கப்பட்ட எல்லைக்குள் நிற்க வேண்டும் என்று 48ஆம் எண் ஒழுங்குமுறை கேட்கிறது. அதற்குப் பல வண்டிகளில் கண்டறியப்பட்ட தீர்வுதான், ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் 0, 1, 2, 3 என்று எண்ணிட்ட சிறு சக்கரம். அதைச் சுழற்றினால் விளக்குக்குள் உள்ள சிறு மோட்டார் ஒளியைக் கீழே இறக்கும். எண் கூடினால் ஒளியும் கூடும் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மை நேர்மாறானது, 3 என்பது மிகத் தாழ்ந்த நிலை, அது முழுப் பாரத்துக்கு உரியது. எளிமையான, மலிவான, புத்திசாலித்தனமான அமைப்பு இது; ஆனால் மூட்டையை ஏற்றி முடித்துக் களைத்த மனிதர் ஒவ்வொரு முறையும் நினைவு வைத்துத் திருப்பினால்தான் இது வேலை செய்யும். தானாகவே சரிவைத் திருத்தும் கருவியை அந்த ஒழுங்குமுறை நெடுங்காலம் 2000 லூமனுக்கு மேற்பட்ட ஒளிமூலம் கொண்ட விளக்குகளுக்கு மட்டுமே கட்டாயமாக்கி வைத்திருந்தது. லூமன் என்பது பல்பு வெளியிடும் மொத்த ஒளியின் அளவு. எல்லை அங்கே வகுக்கப்பட்டதும், சரியாக 2000 லூமனில் நிற்கும் 25 வாட் செனான் விளக்குகள் சந்தைக்கு வந்தன. விதி எங்கே கோடு கிழிக்கிறதோ அந்தக் கோட்டின் ஓரத்திலேயே தொழில் நின்றுகொள்ளும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு தேவையில்லை.

சட்டம் 'கண்கூசல்' என்பதை எப்படி வரையறுக்கிறது என்பதும் பார்க்கத்தக்கது. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106ஆம் விதி, விளக்கிலிருந்து 8 மீட்டர் தொலைவில், அதன் வலது ஓரத்திலிருந்து அரை மீட்டர் வலப்புறத்தில், தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் கண் உள்ள ஒருவரைக் கூசச் செய்யாதபடி ஒளி கீழ்நோக்கித் திருப்பப்பட்டிருக்க வேண்டும் என்கிறது. படிக்கும்போது துல்லியமாகத் தோன்றும் இந்த வரையறை, ஒரே ஒரு புள்ளியைத்தான் காவல் காக்கிறது. 80 செ.மீ. உயர விளக்கிலிருந்து அந்தப் புள்ளிக்குச் செல்லும் கோடு ஏறத்தாழ 9 சதவீதம் மேல்நோக்கிச் செல்வது; ஆகவே 4 சதவீதம் மேலே தூக்கிய ஒளிவிளிம்பும் 8 மீட்டரில் 112 செ.மீ. உயரத்திலேயே நின்று, அங்குள்ள கண்ணைத் தொடாமல், விதியின் எழுத்துக்குக் கட்டுப்பட்டதாகிவிடும். அதே ஒளி 17.5 மீட்டருக்கு அப்பால் உள்ள ஒவ்வொரு இருசக்கர ஓட்டியின் கண்ணிலும் நேராகப் பாயும். தூக்கிய ஒளி நெருக்கத்தில் தப்பவிட்டுத் தொலைவில் தாக்கும் இயல்புடையது; விதியோ, அது தப்பவிடும் இடத்தில் நின்று அளக்கச் சொல்கிறது. கூசல் என்பதற்கு அந்த விதியில் எண்ணளவும் கிடையாது.

ஆய்வு முறையை நவீனமாக்கினால் இந்தக் குறை தீரும் என்பது அரசின் வாதம். 2022 ஏப்ரலில் ஒன்றிய அரசு வெளியிட்ட அறிவிக்கை, தகுதிச் சோதனையைத் தானியங்கிச் சோதனை நிலையங்களின் வழியே நடத்துவதை, கனரக வாகனங்களுக்கு 2023 ஏப்ரல் 1 முதலும், இலகுரகப் போக்குவரத்து வாகனங்களுக்கு 2024 ஜூன் 1 முதலும் கட்டாயமாக்குவதாகச் சொன்னது. கனரக வாகனங்களுக்கான கெடு பின்னர் 2024 அக்டோபர் 1 வரை தள்ளிப்போனது, வாசகர்களின் குழப்பத்தில் ஒரு பங்கு இந்த இழுபறியிலிருந்து வருவதே. இந்நிலையங்களில் வண்டியின் முன் நிறுத்தப்படும் கருவி ஒளியின் திசையைக் கண்ணளவைவிட நன்றாகவே அளக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் சோதனைக்கு வரும் சரக்கு வண்டி பொதுவாகக் காலியாகவே வருகிறது. அந்த வண்டி எந்த நிலையில் பிறருக்குத் தீங்கு செய்யுமோ அந்த நிலை கருவியின் முன் வருவதே இல்லை. மனிதத் தவறை நீக்கிவிட்டதாகச் சொல்லப்படும் சோதனை, தவறான நிலையைப் பிழையின்றி அளந்து சான்றளிக்கிறது.

கறுப்புப் பொட்டு விவகாரமும் இதே வகையைச் சேர்ந்தது. போக்குவரத்துக் காவலர்கள் விழிப்புணர்வு வாரங்களில் முகப்பு விளக்கின் நடுவிலோ மேற்பாதியிலோ ஒட்டிவிடும் கறுப்புத் தாள், மேலே செல்லும் ஒளியைத் தடுக்கிறது என்று பரவலாக நம்பப்படுகிறது. பிக்கப் வண்டிகளில் இன்றும் மிகுதியாக உள்ள எச்4 வகை ஆலசன் பல்புக்குள் இரண்டு இழைகள் உள்ளன: 60 வாட் உயர் ஒளிக்கு ஒன்று, 55 வாட் தாழ் ஒளிக்கு ஒன்று. தாழ் ஒளி இழை, விளக்கின் பின்னுள்ள குழியாடியின் குவியத்துக்குச் சற்று முன்னால் இருக்கிறது. அதன் அடியில் ஒரு சிறு உலோகக் கிண்ணம் ஆடியின் கீழ்ப்பாதிக்கு ஒளி போகாமல் தடுக்கிறது. இந்த அமைப்பில் ஆடியின் மேற்பாதியில் பட்ட ஒளிதான் கீழ்நோக்கித் திரும்பிச் சாலையில் விழுகிறது. ஆகவே மேற்பாதியை மறைப்பவர், எதிரே வருபவரைக் காக்கவில்லை. ஓட்டுநர் சாலையைப் பார்க்கத் தேவையான தாழ் ஒளியையே வெட்டுகிறார். வெளிச்சம் குறைந்துவிட்டதை உணரும் ஓட்டுநர் அடுத்துச் செய்வது, உயர் ஒளியைப் போட்டுக்கொண்டே ஓட்டுவது. நல்லெண்ணத்தோடு செய்யப்படும் ஒரு வேலை தன் நோக்கத்துக்கே எதிராக முடிகிறது. இதைக் காவல்துறை கைவிடுவதே முறை.

எச்4 குழியில் எல்.இ.டி. பல்பைச் செருகுவதும் அந்தக் கிண்ணத்தின் கணக்கையே குலைக்கிறது, ஏனெனில் குழியாடி வடிவமைக்கப்பட்டது மெல்லிய ஓர் இழையின் இடத்துக்கும் அளவுக்கும் ஏற்பவே. பட்டையின் இருபுறமும் பதித்த சில்லுகள் அந்த இடத்தில் சரியாக அமையாதபோது, கூர்மையாக இருக்க வேண்டிய விளிம்பு கலைந்து ஒளி மேலே சிதறும். உற்பத்தியாளர் சான்று பெற்ற அமைப்பை மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது என்பதையும் விற்பவர்கள் சொல்வதில்லை.

சரிசெய்வது கடினமன்று. சக்கரங்களில் காற்றைச் சரிபார்த்து, சமதரையில், சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தி, ஓட்டுநர் இருக்கையில் ஒருவரை அமரவைத்து, விளக்கின் நடுவுயரத்தை அளந்து அதே உயரத்தில் சுவரில் கோடு போட வேண்டும். விளக்கு 80 செ.மீ. உயரத்துக்குள் இருந்தால் தாழ் ஒளியின் வலப்பக்க விளிம்பு அந்தக் கோட்டுக்கு 10 முதல் 15 செ.மீ. கீழேயும், ஒரு மீட்டருக்கு மேல் இருந்தால் 15 முதல் 20 செ.மீ. கீழேயும் விழும்வரை, விளக்கின் பின்புறத் திருகாணியைத் திருப்ப வேண்டும். எண்ணிட்ட சக்கரம் உள்ள வண்டியில் அதை 0-வில் வைத்து இதைச் செய்து, பின்னர் பாரத்துக்கேற்பச் சக்கரத்தைத் திருப்பிக்கொள்ளலாம். சக்கரம் இல்லாத வண்டியில் வழக்கமான இரவுப் பாரத்தை ஏற்றிய நிலையிலேயே இந்த அளவை வைத்துக்கொள்வதே நேர்மை. காலியாகத் திரும்பும்போது சாலை சற்றுக் குறைவாகத் தெரியும், வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும், அந்தச் சுமை தன்னுடையதே தவிர எதிரே வருபவருடையது அன்று.

கடிதங்களில் எஞ்சிய கேள்விகள் சில. பாரத்தை எங்கே வைப்பது? கனமானவற்றைக் கேபினை ஒட்டி, பின் அச்சுக்கு முன்னால் வைத்தால் சாய்வு குறையும். பனிமூட்ட விளக்கு போதாதா? தெளிந்த இரவில் அது தேவையற்றது. மஞ்சள் தாள் ஒட்டலாமா? நிறம் மாறுமே தவிர விளிம்பு இறங்காது. வெளிநாடுகளில் இந்தச் சிக்கல் இல்லையா? அமெரிக்காவில் முகப்பு விளக்கை 22 முதல் 54 அங்குல உயரத்துக்குள் எங்கும் வைக்கலாம் என்பதால் உயர்ந்த பிக்கப்களின் ஒளி அங்கும் தீராத புகாராகவே இருக்கிறது. எதிரே வண்டி வரும் பகுதியை மட்டும் தானாக இருட்டாக்கும் விளக்குகளுக்கு அங்கே அனுமதி கிடைத்ததே 2022இல்தான்.

போக்குவரத்துத் துறை செய்ய வேண்டியது ஒன்று உண்டு: சரக்கு வாகனத்தின் விளக்கைக் காலியாக ஒருமுறையும், பின் அச்சில் பாரம் வைத்து ஒருமுறையும் அளந்து சான்றளிக்கட்டும். அதுவரை, இன்றிரவு சந்தைக்குப் புறப்படும் ஓட்டுநர்களே, மூட்டை ஏற்றி முடித்ததும் வண்டியை ஒருமுறை சுவருக்கு எதிரே நிறுத்தி, ஒளியின் விளிம்பு எங்கே விழுகிறது என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.