ரங்கூனிலிருந்து வராத ஆவி

பேய்க் கதை கேட்டு வந்தால் இந்திரா சௌந்தர்ராஜனை எடுத்து நீட்டுவேன். காதல் கதை கேட்டால் ரமணிசந்திரன். போன மாதம் பல்கலைக்கழகத்துப் பெண் ஒருத்தி வந்தாள். "ரெண்டும் கலந்தது வேணும் ஆன்ட்டி, பின்னாடி உலகப் போர் நடக்கணும்" என்றாள். நாகமலை புதுக்கோட்டை என்.ஜி.ஓ. காலனியில், வீட்டு முன்னறையில் 22 வருஷமாக வாடகை நூல் நிலையம் நடத்துகிறேன். இப்படி ஒரு கேள்வி அதுவரை வந்ததில்லை.

இங்கிலீஷில் இந்த வகைக்குத் தனிக் கூட்டமே இருக்கிறதாம். போனில் வரிசையாகக் காட்டினாள். இங்கிலாந்தில் ஒரு கிராமம். வெளிச்சம் வெளியே தெரிந்தால் ஜெர்மன் விமானம் குண்டு போடும் என்று ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி. பட்டணத்திலிருந்து ரயிலேற்றி அனுப்பப்பட்ட பிள்ளைகள். பக்கத்தில் விமானதளம். சாயங்காலம் கிளம்பிப் போன விமானி காலையில் திரும்பவில்லை. ஆனால் ராத்திரி தோட்டத்துக் கதவருகே வந்து நிற்கிறான். அந்த ஊர்ப் பெண்ணுக்கு மட்டும்தான் தெரிகிறான்.

ஏன் எப்போதும் கிராமம்? எனக்குத் தோன்றுவது இது. பட்டணத்தில் வீடே இடிந்துவிடுகிறது. கிராமத்தில் வீடு, கிணறு, கதவு எல்லாம் அப்படியே இருக்க, ஆளை மட்டும் காணோம். ஆவி வந்து நிற்க அதைவிட வசதியான இடம் கிடையாது.

இதெல்லாம் பிற்பாடு சொகுசாக உட்கார்ந்து எழுதியது என்றும் சொல்ல முடியாது. 1941-ல், லண்டனில் குண்டு விழுந்துகொண்டிருந்த காலத்திலேயே, நோயல் கவர்ட் 'ப்ளைத் ஸ்பிரிட்' என்ற நாடகத்தை எழுதினார். ஏறக்குறைய ஒரே வாரத்தில் எழுதி முடித்தாராம். கென்ட் பக்கத்துக் கிராமத்தில் ஓர் எழுத்தாளர், இரண்டாவது மனைவியோடு இருக்கிறார். ஆவிகளோடு பேசுகிற அம்மாள் ஒருத்தியை விளையாட்டாகக் கூப்பிடப் போக, செத்துப்போன முதல் மனைவி வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிடுகிறாள். சாவு வாசலில் நிற்கும்போது பேயை வைத்துச் சிரிப்பதா என்று சிலர் முகம் சுளித்தார்கள். ஜனங்களோ விழுந்து விழுந்து சிரித்தார்கள். லண்டனில் மட்டும் 1,997 தடவை நடந்தது.

அந்தப் பெண்ணுக்கு நான் எடுத்துக் கொடுத்தது கல்கி.

முதலில் 'சோலைமலை இளவரசி'. 1942 ஆகஸ்ட் புரட்சியில் போலீஸ் தேடுகிற குமாரலிங்கம் ஓடிவந்து பாழடைந்த கோட்டையில் ஒளிகிறான். மணியக்காரர் மகள் பொன்னம்மாள் சோறு கொண்டுவந்து தருகிறாள். கண் அசந்தால் அவன் நூறு வருஷம் முந்தைய மாறனேந்தல் ராஜா, அவள் சோலைமலை இளவரசி. நம் அழகர்மலைக்கும் சோலைமலை என்றொரு பெயர் உண்டு என்பதால் மதுரைக்காரர்களுக்குப் படிக்கும்போது ஒரு குறுகுறுப்பு இருக்கும். கதையில் வருவது என்னவோ ஒரு பாளையம்.

ஆனால் அவள் கேட்டதற்குச் சரியான பதில் 'மோகினித் தீவு'தான். ரங்கூனில் ஜப்பான்காரன் குண்டு போட ஆரம்பித்தது 1941 டிசம்பர் 23. அடுத்த மார்ச்சில் ஊரே அவன் கைக்குப் போய்விட்டது. அந்தக் கலவரத்தில் கப்பலேறித் தப்பி வருகிறார் கதை சொல்கிற பாஸ்கர். ஜப்பான்காரனுக்குப் பயந்து கப்பல் ஒரு தீவோரம் ஒதுங்குகிறது. மற்றவர்கள் திரும்பிவிட, இவர் மட்டும் தீவில் தங்கிவிடுகிறார். நிலா வெளிச்சம், இடிந்த சிற்பங்கள், எங்கிருந்தோ வருகிற இளம் ஜோடி. பாண்டிய இளவரசிக்கும், மதுரைக்குச் சிற்பியாக வேஷம் போட்டு வந்த சோழ இளவரசனுக்கும் நடந்த காதலை இரண்டு பேரும் மாற்றி மாற்றிச் சொல்கிறார்கள். நடுநடுவே செல்லச் சண்டை வேறு. அவர்கள் ஆவியா, ஆளா, பாஸ்கர் கண்ட கனவா? கல்கி பிடிகொடுப்பதே இல்லை. சோழ பாண்டியச் சண்டை கொஞ்சம் நீளம்தான். அந்த ஜோடியின் பேச்சுக்காகப் பொறுத்துக்கொள்ளலாம்.

இந்தப் புத்தகத்தை 1984-ல் என் அப்பத்தாவுக்கு வாசித்துக் காட்டினேன். செக்கானூரணிப் பக்கத்து ஊர் அவளுக்கு, எழுத்து தெரியாது. தாத்தா ரங்கூனில் ஒரு வட்டிக்கடையில் சமையல் வேலைக்குப் போனவர். 1941 தீபாவளிக்கு மணியார்டர் வந்தது. அதற்கப்புறம் ஒன்றும் வரவில்லை. கப்பலில் இடம் கிடைக்காதவர்கள் லட்சக்கணக்கில் அசாம் பக்கமாகக் காட்டுவழியே நடந்தார்கள். காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் வழியிலேயே விழுந்தவர்கள் எத்தனையோ பேர்.

தீவில் அந்த ஜோடி வருகிற இடம் வரை அப்பத்தா பேசாமல் கேட்டாள். ஒரு குறும்பில், "தாத்தா இப்படி ஒரு நா ராத்திரி வந்து நின்னா என்ன அப்பத்தா பண்ணுவ?" என்று கேட்டுவிட்டேன். வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டே சொன்னாள்: "ஏண்டி, பேயா வரணும்னாலும் மொதல்ல செத்திருக்கணும்ல? அவுக செத்தாகன்னு எவன் வந்து சொன்னான்?"

1991-ல் அவள் போகிறவரைக்கும் கழுத்தில் தாலி இருந்தது. தீபாவளிக்குத் தீபாவளி மஞ்சள் கயிறு மாற்றிக்கொள்வாள். சாமி வந்து ஆடுகிறவர்கள்கூட அவளிடம் தாத்தா இருக்கிறாரா இல்லையா என்ற பேச்சை எடுத்ததில்லை.

அந்தப் பெண் புத்தகத்தை நாலாம் நாளே திருப்பிக் கொடுத்துவிட்டாள். இங்கிலீஷ் கதைகளில் விமானி செத்தது ஊருக்கே தெரிந்திருக்கும் என்றாள். அப்பத்தா கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் நின்றாள். ராமநாதபுரம் பக்கம் தன் வீட்டிலும் ரங்கூன் போன ஒரு பெரியவர் படம் மாட்டியிருக்கிறது, ஆனால் மாலை போடுவதில்லை, ஏன் என்று கேட்டதில்லை என்றாள்.

கல்கியின் எழுத்து 1999-ல் நாட்டுடைமை ஆகிவிட்டது. யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். 'மோகினித் தீவு' சின்னப் புத்தகம், ஒரு ராத்திரியில் முடியும். என்னிடம் இருப்பது அட்டை போன பிரதி. அதற்கு மட்டும் வாடகை வாங்குவதில்லை.